சுவரில் மாட்டும் பெட்டி சார்ஜர் அல்ல!

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "3.3 கிலோவாட் சார்ஜர் போதுமா, 7.2 கிலோவாட் வாங்கலாமா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "வை-பி இருக்கிறதா? மொபைலில் ஆப் வருமா?" என்பதாக இருக்கும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்திற்குப் பெரிய சார்ஜர் தேவையே இல்லை. அதற்காக ஒதுக்கிய பணத்தை நல்ல வயருக்கும் எர்த்திற்கும் செலவிடுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

சார்ஜர் எங்கே இருக்கிறது?

நம் வீட்டிற்கு வருவது ஏ.சி. மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டி.சி. மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவிதான் சார்ஜர். அது காருக்குள்ளேயே இருக்கிறது. இதனை ஆன்-போர்டு சார்ஜர் என்பார்கள். சுவரில் மாட்டும் பெட்டி, பாதுகாப்பு வசதிகள் கொண்ட ஒரு சுவிட்ச், அவ்வளவுதான்.

ஆனால் கொஞ்சம் பேசத் தெரிந்த சுவிட்ச். பழைய டயல்-அப் மோடம் இணைப்பு கிடைக்கும் முன் மறுமுனையுடன் பேசிக் கொள்ளும் அல்லவா? அதே போல டைப் 2 ப்ளக்கில் உள்ள ஒரு பின் வழியாகப் பெட்டியும் காரும் பேசிக் கொள்கின்றன. பெட்டி விநாடிக்கு 1,000 துடிப்புகள் கொண்ட சிக்னலை அனுப்பும். அந்தத் துடிப்பின் அகலம்தான் செய்தி. 27 சதவீதம் அளவில் இருந்தால் "16 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்" என்று பொருள். 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர். கார் தயார் என்று பதில் தந்த பிறகே மின்சாரம் பாயும். அதுவரை கையில் பிடித்திருக்கும் ப்ளக்கில் மெயின் சப்ளை இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, பெட்டி சொல்வது உச்ச அளவை மட்டுமே. எவ்வளவு எடுப்பது என்பதைக் கார் முடிவு செய்கிறது. 2022-ல் அறிமுகமான டாடா டியாகோ இ.வி.யில் 3.3 கிலோவாட் ஆன்-போர்டு சார்ஜர் கொண்ட மாடல்களும் 7.2 கிலோவாட் கொண்ட மாடல்களும் வந்தன. முதல் வகைக் காரை வாங்கிவிட்டு 7.2 கிலோவாட் பெட்டியை மாட்டினால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. பழைய ரௌட்டரை வைத்துக் கொண்டு 300 எம்.பி.பி.எஸ். பிராட்பேண்ட் பிளான் போடுவது போலத்தான்.

எவ்வளவு வேகம் தேவை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய மின்சாரக் கார் நகரத்தில் ஒரு யூனிட்டிற்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்று குறைவாகவே வைத்துக் கொள்வோம். 42 கிலோமீட்டருக்கு 7 யூனிட். 15 ஆம்பியர் ப்ளக் பாயிண்டில் மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். ஆக, இரண்டரை மணி நேரம் போதும். கார் இரவில் எட்டு மணி நேரத்திற்கு மேல் சும்மாதான் நிற்கிறது.

தினமும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்கள், பெரிய பேட்டரி கொண்ட கார் வைத்திருப்பவர்கள், இரண்டு கார்களை மாற்றி மாற்றி சார்ஜ் செய்பவர்கள் ஆகியோருக்கு 7.2 கிலோவாட் பயன்படும். அவர்களும் முதலில் மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வீட்டில் த்ரீ பேஸ் இருந்தாலும் இந்தப் பெட்டி 32 ஆம்பியரையும் ஒரே பேஸிலிருந்து இழுக்கும். அந்த பேஸில் ஏற்கெனவே இரண்டு ஏ.சி.யும் ஒரு கீசரும் இருந்தால் என்ன ஆகும் என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

வயரும் எர்த்தும்

"கீசர் ஓடும் பாயிண்ட்தானே, கார் ஓடாதா?" என்று கேட்பார்கள். கீசர் இருபது நிமிடத்தில் நின்றுவிடும். கார் மணிக்கணக்கில் நிறுத்தாமல் மின்சாரம் எடுக்கும். கரண்ட் இரு மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். லூசான ஒரு ஸ்க்ரூ இருந்தாலும் சாக்கெட் கருகத் தொடங்கும். எனவே மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி வயர் இழுப்பதே நல்லது. 15 ஆம்பியருக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர், 32 ஆம்பியருக்குக் குறைந்தது 6 சதுர மி.மீ. என்று வைத்துக் கொள்ளலாம். தூரம் அதிகமானால் இன்னும் தடிமன் வேண்டும். தனி எம்.சி.பி. அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

அடுத்தது எர்த். எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜ் ஏற மறுத்துவிடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. வந்த எலெக்ட்ரீஷியன் ஐந்தே நிமிடத்தில் சரி செய்துவிட்டார். எப்படி? சாக்கெட்டிற்குள் எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார்! கார் ஏமாந்து சார்ஜ் ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இது எவ்வளவு ஆபத்து தெரியுமா? நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால் 230 வோல்ட் அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் பாடிக்கே வந்துவிடும். மழை நாளில் வெறுங்காலுடன் கதவைத் திறக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். இதே வேலையைச் செய்யும் 'பைபாஸ்' அடாப்டர்களும் விற்பனைக்கு வருகின்றன. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கார் மறுப்பது அதன் கோளாறு அல்ல, அது உங்களுக்குத் தரும் எச்சரிக்கை. அந்த வீட்டில் பிறகு முறையாக எர்த் குழி எடுத்தார்கள். காரும் மறுக்கவில்லை.

எர்த்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். பல வீடுகளில் இருப்பது ஏ.சி. கசிவை மட்டும் கண்டுபிடிக்கும் வகை. மின்சாரக் காரில் டி.சி. கசிவும் ஏற்படலாம். அது அந்த ஆர்.சி.சி.பி.யைச் செயலிழக்கச் செய்துவிடும். சுவர்ப் பெட்டி வாங்குவதானால் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டறியும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். இருந்தால் டைப் ஏ ஆர்.சி.சி.பி. போதும். இல்லை என்றால் விலை கூடிய டைப் பி வேண்டும்.

ஆப் தேவையா?

ஆப் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆப் இல்லாமலும் பெட்டி வேலை செய்ய வேண்டும் என்பதே என் நிபந்தனை. எனெல் எக்ஸ் வே நிறுவனம் 2024 அக்டோபரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தன் தொழிலை மூடுவதாக அறிவித்தது. அதன் 'ஜூஸ்பாக்ஸ்' வீட்டுப் பெட்டிகள் தொடர்ந்து மின்சாரம் தரும், ஆனால் ஆப்பிற்கும் சாஃப்ட்வேர் அப்டேட்டிற்கும் இனி ஆதரவு கிடைக்காது என்றது. 'ஸ்மார்ட்' என்று கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஓ.சி.பி.பி. என்ற பொதுவான புரோட்டோகாலை ஏற்கும் பெட்டி என்றால் வேறொரு சர்வருக்கு மாற வழியிருக்கும்.

நேரத்தைக் குறித்து சார்ஜ் செய்யும் வசதி இனிமேல் முக்கியமாகலாம். மத்திய அரசு 2023-ல் திருத்திய விதிகள், ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் வீடுகளுக்கும் நேரத்திற்கு ஏற்ற கட்டணம் என்கின்றன. இதில் சூரிய ஒளி கிடைக்கும் பகல் நேரத்திற்குத்தான் சலுகை, இரவிற்கு அல்ல. ஆனால் இதற்காகவும் விலை உயர்ந்த பெட்டி வேண்டியதில்லை. சார்ஜ் தொடங்கும் நேரத்தைப் பல கார்களிலேயே செட் செய்யலாம்.

என் வரிசை

என்னைக் கேட்டால் செலவு செய்யும் வரிசை இதுதான். முதலில் எர்த், அடுத்து தனி வயரும் ஆர்.சி.சி.பி.யும், அதன் பின் நல்ல 15 ஆம்பியர் சாக்கெட். காருடன் வந்த கேபிளை வைத்து இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். காலையில் சார்ஜ் போதவில்லை என்று எத்தனை நாள் தோன்றியது என்று எண்ணுங்கள். பல நாள் என்றால் பெட்டியை வாங்குங்கள். வயர் இழுக்கும்போதே 6 சதுர மி.மீ. போட்டுவிட்டால் அப்போது சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்காது.

பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம். அடுத்த காருக்கு வேறு பெட்டி தேவைப்படலாம். நல்ல வயரும் எர்த்தும் எந்தக் கார் வந்தாலும் உதவும்.