இருபத்தொரு கல் கடல்



"நாங்கள் தீவு மக்கள், கண்டத்தாரோடு எங்களுக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை, இடையிலே நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரு கட்டு விழுந்தது, அதையும் அறுத்தெறிந்துவிட்டோம்." 2020ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள் இரவு, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது, அந்நாட்டு மேடைகளிலே எழுந்த முழக்கத்தின் சாரம் இதுதான். மேடை முழக்கம் நமக்குப் புதிதன்று. அதன் சுவையும் அறிவோம், சூதும் அறிவோம். ஆயினும், நம் பக்கத்துப் படித்தவர்களும் அதனை அப்படியே திருப்பிச் சொல்லக் கேட்கும்போது, காரைக்கால் மண்ணிலே நிற்பவனுக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் சினமும் வருகிறது.

டோவர் முனைக்கும் பிரான்சு நாட்டுக் கரைக்கும் இடையே உள்ள கடலின் அகலம் இருபத்தொரு கல். அந்த இருபத்தொரு கல்தான் இரண்டு உலகங்களைப் பிரிக்கிறதாம்!

ஆங்கிலேயர் என்ற பெயரே அக்கடலைத் தாண்டி வந்த பெயர். வட ஜெர்மானியக் கரையிலிருந்து படகேறி வந்த குடிகளில் ஒன்றாகிய ஆங்கிளரின் பெயரே நாட்டின் பெயராயிற்று. 1066இல் நார்மண்டிச் சீமையின் வில்லியம் படையோடு இறங்கி முடிசூடினான். அதன் பின்னர் நெடுங்காலம் அரண்மனையிலும் அறமன்றத்திலும் ஒலித்தது பிரெஞ்சு. வயலிலும் தொழுவத்திலும் ஒலித்தது ஆங்கிலம். மாட்டை மேய்த்தவனின் சொல் ஒன்று, அதன் இறைச்சியை உண்டவனின் சொல் மற்றொன்று; இரண்டும் இன்றைய ஆங்கில அகராதியிலே அருகருகே கிடக்கின்றன. கலே துறைமுகம் 1558 வரை ஆங்கிலக் கொடியின் கீழ் இருந்தது. அது கைநழுவிய பின்னும், இங்கிலாந்தின் மன்னர்கள் தம்மைப் "பிரான்சு நாட்டுக்கும் மன்னர்" என்று பட்டயங்களில் எழுதிக்கொள்வதை 1801 வரை விடவில்லை. 1714இல் அரியணை ஏறியவர் ஹானோவரிலிருந்து வரவழைக்கப்பட்ட ஜெர்மானியர். அந்த அரச குலம் தன் ஜெர்மானியப் பெயரைக் கழற்றிவிட்டு விண்ட்சர் என்று பெயர் சூட்டிக்கொண்டது 1917இல்தான். ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்த வேளை அது!

விடுதலைச் சின்னம் என்று சொல்லி 2020இல் நீல அட்டையிட்ட கடவுச்சீட்டு வெளியிட்டார்களே, அதன் முகப்பைப் பாருங்கள். அரச முத்திரையில் பொறித்த வாசகம் இரண்டும் பிரெஞ்சு மொழி. அதனைச் செய்து தரும் ஒப்பந்தமும் பிரெஞ்சு-டச்சு நிறுவனத்துக்கே போயிற்று. நாடகம் எழுதுகிறவன் இப்படி ஒரு காட்சி எழுதினால், நம்பும்படி இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

இருக்கட்டும். அவர்கள் வீட்டு வரலாறு அவர்களோடு. நம் ஊர் வரலாற்றுக்கு வருவோம்.

தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வரை கடலோரமாகவே நடந்தால், ஏறத்தாழ அந்த இருபத்தொரு கல்தான் வரும். காவிரி கடலோடு கலக்கும் இந்தச் சிறு கரையிலே ஐரோப்பாவின் படத்தையே வரைந்து வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர். நாகையில் முதலிலே போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர். இடையிலே காரைக்காலில் பிரெஞ்சுக்காரர். மூன்றையும் சுற்றிலும், பின்னர் வந்து சூழ்ந்துகொண்ட ஆங்கிலேயர்.

டச்சுக்காரர் வட அமெரிக்கக் கிளர்ச்சிக்காரரோடு வாணிபம் செய்தனர் என்று ஆங்கிலேயர் 1780இல் அவர்கள்மேல் போர் தொடுத்தனர். 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1807இல் ஆங்கிலக் கப்பற்படை கோபன்ஹேகன் நகரைக் குண்டு வீசி எரித்தது. டென்மார்க் நெப்போலியன் பக்கம் சாய்ந்தது. 1808இல் தரங்கம்பாடியில் ஆங்கிலக் கொடி ஏறிற்று. கோபன்ஹேகன் எரிந்ததற்கும் தரங்கம்பாடி மீனவனுக்கும் என்ன தொடர்பு? கண்டத்தோடு ஒட்டில்லை உறவில்லை என்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

காரைக்கால் கதை இதனினும் விரிவானது. தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி, தன் அரியணை ஆட்டம் கண்டபோது பிரெஞ்சுக்காரரின் பணத்தையும் துணையையும் நாடி, காரைக்காலைத் தர ஒப்பினார். 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் ஊருக்குள் நுழைந்தனர். அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் ஒரு பெண்ணின் வாரிசுரிமைக்காகப் போர் மூண்டது. ஆஸ்திரிய நாட்டு அரியணை மரியா தெரசாவுக்கு உரியதா அன்றா என்பது வழக்கு. இங்கிலாந்து ஒரு பக்கம், பிரான்சு மறு பக்கம். அந்த வழக்கிலே சென்னப்பட்டினம் 1746இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1748 உடன்படிக்கையில், வட அமெரிக்காவின் பனிக்கரையில் இருந்த லூயிபோர்க் என்ற பிரெஞ்சுக் கோட்டைக்கு மாற்றாக ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. சென்னையைக் கொடு, பனிப்பாறைக் கோட்டையைக் கொள்! புதுச்சேரித் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பைப் புரட்டுங்கள். சீமையிலிருந்து வரும் கப்பல் என்ன சேதி கொணருமோ என்ற கவலை ஏட்டுக்கு ஏடு தெரியும். அங்கே சண்டை என்றால் இங்கே அரிசி விலை ஏறும். அங்கே சமாதானம் என்றால் இங்கே கொடி மாறும்.

1760 ஏப்ரலில், பத்து நாள் முற்றுகைக்குப் பின் காரைக்கால் கோட்டை ஆங்கிலேயரிடம் பணிந்தது. அப்போது இங்கிலாந்தின் மன்னர் யார்? ஹானோவரிலே பிறந்த இரண்டாம் ஜார்ஜ். பட்டயங்களின்படி அவர் "பிரான்சுக்கும் மன்னர்". பிரெஞ்சு மன்னனின் கோட்டையைப் பிரான்சு மன்னர் என்ற பட்டம் தாங்கிய ஜெர்மானியரின் பெயரால், ஆங்கிலப் படை, தமிழ் மண்ணிலே பிடித்தது. 1765இல் திருப்பிக் கொடுத்தனர். 1778இல் மீண்டும் பிடித்தனர், 1785இல் கொடுத்தனர். 1793இல் மூன்றாம் முறை பிடித்தனர். 1817 ஜனவரியில்தான் கொடுத்தனர். அரசலாற்றங்கரைக் குடியானவன் ஒருவன் எண்பது வயது வாழ்ந்திருந்தால், வீட்டை விட்டு நகராமலே ஏழு முறை ஆட்சி மாறக் கண்டிருப்பான். ஒரு முறையேனும் அவனை யாரும் கேட்டதில்லை.

கேட்டவர்களெல்லாம் பாரிஸிலும் வெர்சேயிலும் மேசைக்கு இருபுறமும் அமர்ந்தவர்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, கர்நாடகத்துக்கு முகமது அலிதான் நவாப் என்று இரு தரப்பும் ஏற்பதாக எழுதிற்று. ஆற்காட்டுக்கு யார் நவாப் என்பதற்குச் சான்றிதழ் பாரிஸில்! 1783 வெர்சேய் உடன்படிக்கை, காரைக்காலை அடுத்த நான்கு மாகாணங்களை, அதாவது ஊர்த் தொகுதிகளை, பிரெஞ்சுக்காரருக்குப் பெற்றுத் தருவதாக ஆங்கில மன்னரைச் சொல்ல வைத்தது. 1814 உடன்படிக்கை, இனி இங்கே கோட்டை கட்டலாகாது, காவலுக்கு வேண்டிய அளவு படை மட்டுமே வைக்கலாம் என்று கையைக் கட்டியது. 1815இல் இலண்டனில் உப்புக்கும் ஒப்பந்தம்: பிரெஞ்சுப் பகுதியில் விளையும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கே, அதற்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய். உப்பு நம் கடலுடையது, வியர்வை நம் உப்பளத்தானுடையது, ரூபாய் பாரிஸுக்கு.

போரிட்டபோது மட்டும்தான் அவர்களால் நமக்குத் துன்பம் என்று எண்ணவேண்டாம், தோழர்களே. அவர்கள் கைகுலுக்கிய காலம்தான் கொடிது.

அடிமை முறையைப் பிரான்சு 1848இல் ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியும் காரைக்காலும் சிறு நிலங்கள். அங்கே அத்தனை ஆள் இல்லை. ஆள் இருந்தது சுற்றிலும், ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சையிலும் ஆற்காட்டிலும். எனவே பழைய பகைவர் இருவரும் நண்பராயினர். 1861 ஜூலையில் ஒப்பந்தம் எழுதினர்: ஆங்கில இந்தியாவிலே பிரான்சு தன் குடியேற்றங்களுக்குக் கூலியாட்களைத் திரட்டலாம், துறைமுகத்தில் ஆங்கில அதிகாரி ஒருவர் நின்று மேற்பார்ப்பார், ஐந்தாண்டுக் கட்டு. ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் கொண்டுபோவதை நிறுத்தியதற்கு ஈடாக ஆங்கிலேயர் கொடுத்த ஆட்கள் நம்மவர்.

காரைக்கால் அதன் வாயிலாயிற்று. பஞ்சம் விரட்டிய உழவன் ஆங்கில எல்லையைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்து கப்பலேறினான். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் குவாதலூப் தீவை அடைந்தது முதல் 1880களின் இறுதி வரை, அந்த ஒரு தீவுக்கு மட்டும் 40,000க்கு மேற்பட்டோர். மர்த்தினிக் தீவுக்கு 25,000 பேர் அளவில். ரியூனியன் தீவின் கணக்கு வேறு. அங்கே பட்ட பாட்டின் செய்தி எட்டிய பிறகே, ஆங்கில அரசு 1882இல் ரியூனியனுக்கும் 1888இல் குவாதலூப்புக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்திற்று.

அங்கே பிறந்த பிள்ளைகள் என்ன ஆயினர்? குவாதலூப்பில் 1863இல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். பெயரைப் பாருங்கள்: பாதி பாரிஸ், பாதி தில்லை. 1904இல் அவரைப் போன்றோர் வாக்காளர் பட்டியலில் இருக்கலாகாது என்று ஆட்சியினர் வழக்கெழுப்பினர். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? இவர்களின் பெற்றோர் ஆங்கில மன்னரின் குடிகளாம். ஆகவே பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லராம்! பிரெஞ்சு மண்ணிலே பிறந்தான், பிரெஞ்சு மொழியிலே பேசினான், பிரெஞ்சுத் தோட்டத்திலே உழைத்தான். வாக்குச்சாவடி வாசலில் மட்டும் அவன் இங்கிலாந்துக்காரன். இங்கிலாந்து அவனை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சிதம்பரம் பத்தொன்பது ஆண்டுகள் வழக்காடினார். 1923இல்தான் அந்த உரிமை கிட்டியது. இரண்டு ஐரோப்பிய அரசுகள் செய்த உறவுக்கு, அதிலே கையெழுத்திடாத ஒரு தமிழனின் மகன் செலுத்திய வட்டி அது.

பிந்தைய கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1940 ஜூன் 16, பிரான்சு ஜெர்மனியிடம் வீழும் தறுவாயில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இனி ஒரே நாட்டினர் என்று அறிவிக்கலாமா என்று சர்ச்சிலே எழுதிக் கேட்டார்! அது கைகூடவில்லை. இலண்டனில் அடைக்கலம் புகுந்த தெ கோலின் பக்கம் புதுச்சேரி ஆளுநர் அதே ஆண்டு செப்டம்பரில் சேர்ந்தார், காரைக்காலும் சேர்ந்தது. அதே தெ கோல் குடியரசுத் தலைவராகி, ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர வந்த இங்கிலாந்தை 1963இலும் 1967இலும் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். 1973இல் உள்ளே விட்டனர். 2016 ஜூன் 23 அன்று வாக்கெடுத்து, நூற்றுக்கு 52 பேர் வெளியேறுவோம் என்றனர்.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஸ்காட்லாந்து மக்கள் நூற்றுக்கு 62 பேர் இருப்போம் என்றனர். ஐபீரியக் கரையிலே, 1704இல் பிடித்து 1713இல் எழுதி வாங்கிய ஜிப்ரால்டர் என்ற சிற்றூர், அங்கே நூற்றுக்கு 96 பேர் இருப்போம் என்றனர். வெளியேறச் சொன்னவர் 823 பேர். பெரிய எண்ணிக்கை சிறிய எண்ணிக்கையை விழுங்கிற்று. ஊருக்கு ஸ்பெயின் பக்கத்திலிருந்து நாள்தோறும் வேலைக்கு வருவோர் பல்லாயிரவர். எல்லையில் என்ன செய்வது என்பதற்கு 2025 ஜூனில்தான் ஓர் அரசியல் உடன்பாடு எட்டினார்கள். பூவத்திலும் வாஞ்சூரிலும் எல்லை தாண்டிப் பழகியவர்களுக்கு ஜிப்ரால்டர்காரன் பாடு புரியும். சாலை ஒன்றுதான், மொழி ஒன்றுதான். ஆனால் பெட்ரோல் விலைப்பலகை மாறும், அரசு மாறும்.

நம்மைக் கேட்டார்களா? 1948இல் தில்லியும் பாரிஸும் எழுதிக்கொண்டது, மக்களே முடிவு செய்வர் என்பது. வங்கத்துச் சந்திரநாகூரில் 1949இல் மக்கள் வாக்களித்தனர். நம் பக்கத்தில் 1954 அக்டோபர் 18 அன்று, கீழூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் 178 பேர் வாக்களித்தனர்: இணைவதற்கு 170, எதிராக 8. நவம்பர் முதல் நாள் கொடி மாறிற்று. விடுதலைக்காகத் தடியடி பட்டவர்களும் சிறை சென்றவர்களும் அன்று மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டிய நாளே. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிந்தது.

ஆனால் காவிரிக் கரையின் காரைக்கால், மலையாளக் கரையின் மாஹே, ஆந்திரக் கரையின் ஏனாம், இவற்றையெல்லாம் புதுச்சேரியோடு ஒரே முடிச்சாகக் கட்டியது எது? பாரிஸிலும் வெர்சேயிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வரைந்த அந்தப் பழைய கோடு. சந்திரநாகூர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. மற்ற நான்கும் ஒன்றியப் பகுதியாயின. சட்டமன்றம் மாநிலத் தகுதி கேட்டுத் தீர்மானத்தின்மேல் தீர்மானம் இயற்றியது, தில்லி தரவில்லை. சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் 30 பேர். அவர்களில் காரைக்கால் மாவட்டம் அனுப்புவோர் 5 பேர். 2017இல் தில்லி, மாநில அமைச்சரவையைக் கேளாமலே மூன்று பேரை நியமித்தது. அது செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் தீர்ப்புரைத்தது. அந்த மூவருக்கும் அவையிலே வாக்கு உண்டு. காரைக்கால் வாக்காளர் அனைவரும் சேர்ந்து அனுப்புவது ஐந்து. ஒரு கையெழுத்து அனுப்புவது மூன்று.