தையல் பீரியடைக் கடன் வாங்கிய கணக்கு டீச்சர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன மாதம் மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். ஒன்பது வயது. போனில் ஒரு கவுனைக் காட்டி, "ஆயா, எனக்கு இது வேணும். எல்லாரும் இப்ப இதான் போடுறாங்க" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் நம்ம ஊர்க் கண்டாங்கி! பெரிய கட்டம், கீழே அகலமான அரக்கு பார்டர், மேலே கையில்லாத உடம்பு. விலை 2,400 ரூபாய்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் அப்பத்தா காலமெல்லாம் பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலை அது. நாங்கள் கல்லூரிக்குப் போன காலத்தில் அதைக் கட்டச் சொன்னால் அழுதிருப்போம். எங்களுக்கு நைலக்ஸ்தான் நாகரிகம். சித்திரை வெயிலில் நைலக்ஸ் கட்டிக்கொண்டு வேர்த்துக் கொட்ட நின்றவர்கள் நாங்கள். பிறகு 2019-ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே பட்டணத்துப் பெண்கள் அதைத் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது என் பேத்திக்கு அது புது ஃபேஷன்.

அதனால் பிள்ளைகள் ஃபேஷன் கேட்டால் நான் கோபப்படுவதில்லை. 1985-ல் 'பூவே பூச்சூடவா' வந்தபோது என் வகுப்பே நதியா மயமாக இருந்தது, உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். நதியா கம்மல், நதியா வளையல், நதியா சுடிதார். கடையில் வாங்க யாரிடமும் காசு இல்லை. பிட் துணி வாங்கி, படத்தைப் பார்த்த ஞாபகத்திலேயே வெட்டித் தைத்துக்கொண்டு வந்தார்கள். கை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். அதற்காக யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த வகுப்பில் ஒருத்தி. பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள், போடவில்லை. தையல் வகுப்பில் அவள்தான் முதல். கணக்கில் கடைசி. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? வாரத்துக்கு இரண்டு தையல் பீரியடையும் தையல் டீச்சரிடம் "கடன்" வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா வாய் திறந்து மாட்டேன் என்று சொல்ல மாட்டார். "எடுத்துக்கங்க டீச்சர், உங்களுது பரீட்சைப் பாடம்" என்பார். நானும் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, இவளை முதல் பெஞ்சில் உட்கார வைத்து வட்டத்தின் சுற்றளவை நடத்தினேன். அவள் 28 மார்க் வாங்கினாள். தையலும் போச்சு, கணக்கும் வரவில்லை.

இன்று அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்ன தையல் கடை இருக்கிறது. பேத்தியையும், பீரோ அடியில் கிடந்த அப்பத்தாவின் பழைய கண்டாங்கியையும் எடுத்துக்கொண்டு அங்கேதான் போனேன். போகும்போதே மனதில் கணக்குப் போட்டுக்கொண்டேன். அம்பர்லா பாவாடை என்றால் துணியை வட்டமாக வெட்ட வேண்டும். பிள்ளைக்கு இடுப்பு 22 அங்குலம். இரண்டு பை ஆர் என்பது 22 என்றால் ஆரம் சரியாக மூன்றரை. சேலை அகலம் 46. அதில் பாதி 23, மூன்றரை போக பத்தொன்பதரை, மடிப்புக்கு ஒன்று விட்டால் பதினெட்டரை. முழங்காலுக்குச் சரியாக இருக்கும். கடையில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நைந்த இடத்தையெல்லாம் சாக்குக் கட்டியால் குறித்தாள். "கணக்கு சரிதான் டீச்சர். ஆனா வட்டமா வெட்டுனா பார்டர் அத்தனையும் வீணாப்போயிரும். கட்டமும் கோணல் கோணலா ஓடும். கண்டாங்கிக்கு அழகே அந்தப் பார்டர்தானே? இடுப்பைப் போல மூணு மடங்கு, 66 அங்குல நீளம் எடுத்து, பார்டர் கீழ வர்ற மாதிரி சுருக்கு வச்சிருவோம். மேல மிச்சம் விழுகிற பட்டையிலயே உடம்பு வந்துரும்."

நாற்பது வருஷம் கழித்து அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். என்னிடம் சூத்திரம் இருந்தது. துணி எப்படி விழும் என்கிற அறிவு அவளிடம்தான் இருந்தது.

கூலி கொடுத்து அங்கேயே தைக்கச் சொல்லலாம் என்றுதான் போனேன். "வெட்டித் தர்றேன், நீங்களே தைங்க" என்று சொல்லிவிட்டாள். என் கல்யாணச் சாமானோடு வந்த கால் மெஷின் இருபது வருஷமாகத் துணி போட்டு மூடிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டி, பாபினில் நூல் சுற்றவே ஒரு நாள் ஆனது. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, 1924-ல் ஒரு பேட்டியில் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த அன்பில் பிறந்த இயந்திரம் என்று சொன்னார். வகுப்பில் இதை நான் சொன்னதே இல்லை, என் பாடம் கணக்கு!

ஐந்து நாளில் கவுன் முடிந்தது. ஒரு கையைத் தலைகீழாக வைத்துத் தைத்து முழுக்கப் பிரித்தேன். லைனிங்குக்கு பாப்ளின், பட்டன், நூல், பெல்ட் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள். வெட்டுக் கூலியை அவள் வாங்க மாட்டேன் என்றாள், மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவள் சொன்னபடி பக்கங்களில் ஓர் அங்குலம் உள்தையல் விட்டேன், பாவாடையில் இரண்டு டக் பிடித்தேன். பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம். ரெடிமேடில் ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்து விடுகிறார்கள், பிரிக்க அங்கே எதுவும் இருக்காது. விலையைவிட இதுதான் எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே தைக்கக் கிளம்பிவிடாதீர்கள். பனியனும் டி-ஷர்ட்டும் திருப்பூர் விலைக்கு நீங்கள் தைக்க முடியாது. ஜீன்ஸ் துணிக்கு வீட்டு மெஷின் ஊசி முறியும். சாதா ரவிக்கை, குழந்தைகளின் கவுன், பாவாடை, நைட்டி, தலையணை உறை, சேலைக்கு ஃபால்ஸ், கீழே மடித்துத் தைப்பது, அளவு பிடிப்பது, இவ்வளவு தெரிந்தால் போதும். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போதே "ஆர்டர் எடுப்பதில்லை" என்று போர்டு மாட்டுகிற ஊரில், ஒரு ரவிக்கைக்காக நாலு நடை நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர், "நேரம் எங்கே டீச்சர்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். உங்களைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடங்களைத்தான் கேட்கிறேன். வாரம் 80 நிமிஷம் நாம் ஒதுக்கித்தான் வைத்திருந்தோம், என்னைப் போன்றவர்கள்தான் அதைத் தின்றோம். அரசு 2012-ல் தையல், ஓவியம், உடற்கல்விக்கெல்லாம் பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டது, மாதம் 5,000 ரூபாய்க்கு. அந்தச் சம்பளத்தைப் பார்த்தாலே அந்தப் பாடத்துக்கு நாம் என்ன மதிப்பு வைத்தோம் என்று தெரியும். அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள், பையன்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். நம் ஊரில் பேர் பெற்ற தையல்காரர்களில் பாதிப்பேர் ஆண்கள். பள்ளியில் மட்டும் அது ஏன் பெண்பிள்ளைப் பாடமானது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தத் தையல் டீச்சர் இப்போது இல்லை. இருந்திருந்தால் கவுனை எடுத்துக்கொண்டு முதலில் அவர் வீட்டுக்குத்தான் போயிருப்பேன். உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார், வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். என் தையலுக்கு நூற்றுக்கு நாற்பது போட்டிருப்பார்.

பேத்தி அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு ஒரு பிறந்த நாளுக்குப் போய்வந்தாள். அங்கே ஓர் அம்மா எந்தக் கடை என்று கேட்டாராம். இப்போது அவளோடு சேர்ந்து தெருப் பிள்ளைகள் மூன்று பேர் ஊசியில் நூல் கோக்கப் பழகுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு முகப்பில். காரைக்குடியில் இருப்பவர்கள் பிள்ளைகளை அனுப்பலாம். பழைய வேட்டித் துணி கொஞ்சமும் ஒரு கத்தரிக்கோலும் கொடுத்து விடுங்கள், என்னிடம் இருப்பது ஒரே ஒரு கத்தரிக்கோல்.