மூச்சுக்கும் ஒரு சிக்னல் வேண்டும்



2021 மே 10 இரவு திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்ததால், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த கொரோனா நோயாளிகள் 11 பேர் இறந்தனர் என்று அரசு அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய டேங்கர் தாமதமானது. மாற்று சிலிண்டர்களை இணைக்க ஏறத்தாழ 5 நிமிடம் ஆனது என்றார் அப்போதைய சித்தூர் மாவட்ட ஆட்சியர். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்கள் இதை மறக்கலாகாது.

நான் மருத்துவம் அறிந்தவன் அல்ல. ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன். ரயிலில் பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தம் இருக்கும். குழாய் அறுந்து அழுத்தம் இறங்கினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்தால், கை தானே 'நில்' நிலைக்குப் போய்விடும். எது கெட்டாலும் வண்டி நிற்க வேண்டும் என்பதே எங்கள் பாடம்.

வென்டிலேட்டருக்கு இந்தப் பாடம் பொருந்தாது. வண்டி நின்றால் உயிர் பிழைக்கும். மூச்சு நின்றால் உயிர் போகும். அழுத்தம் குறைந்தாலோ குழாய் கழன்றாலோ அந்த இயந்திரம் அலாரம் அடிக்கும். அது செய்யக்கூடியது பெரும்பாலும் அவ்வளவுதான். மீதி வேலை மனிதனுடையது. மயக்க மருந்து பெற்று அறுவை மேசையில் கிடப்பவரால் 'மூச்சு முட்டுகிறது' என்று சொல்லவும் முடியாது. அலாரம்தான் அவருடைய குரல். நாள் முழுதும் காரணமின்றி அது கத்தினால் கேட்பவர் காது மரத்துப்போகும். ஒலியை அடக்கும் பொத்தானுக்குக் கை தானாகப் போகும்.

ஆகவே என் கருத்து இது. ஆக்ஸிஜன் தொட்டியருகே அலாரம் இருந்தால் மட்டும் போதாது; அது ஒலித்தால் ஓட வேண்டியவர் யார் என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு வென்டிலேட்டர் அருகிலும் கையால் அழுத்தும் அம்பு பையும் நிரம்பிய சிலிண்டரும் வேண்டும். அந்தப் பைக்கு மின்சாரம் தேவையில்லை. விபத்து நிவாரண ரயிலுக்கு நாங்கள் ஒத்திகை பார்ப்பதுபோல, சிலிண்டர் மாற்றுவதற்கும் கடிகாரம் வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

உறவினரை அறுவை சிகிச்சைக்குச் சேர்க்கும்போது, அறை வாடகையை விசாரிக்கும் நாம் இதையும் பணிவோடு விசாரிப்போம். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார், பதில் சொல்வார்.