பேய்ப் பாட்டும் பிரதி மத்திமமும்

"அக்கா! பிள்ளைக்கு என்னவோ பிடித்திருக்கிறது. உடனே புறப்பட்டு வா!" என்று திருவதிகையிலிருந்து தங்கை போன் செய்தாள். போட்டது போட்டபடி பஸ் ஏறி, பண்ருட்டியில் போய் இறங்கினேன்.

பையன் நெய்வேலியில் வேலை பார்ப்பவன். ஷிப்டு முடிந்து வந்ததும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறானாம். தங்கை தாயத்து வரையில் யோசித்து வைத்திருந்தாள்.

"நீங்களே கேளுங்கள், பெரியம்மா" என்று அதை என் காதில் மாட்டிவிட்டான். கொட்டுகிற மழை, இடி, தூரத்தில் மாதா கோயில் மணி. பிறகு ஒரு கிதார், இரும்புத் தகட்டைத் தரையில் இழுப்பதுபோல! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

'பிளாக் சாபத்' என்ற கோஷ்டியாம். 1968-ல் இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் என்னும் தொழிற்சாலை ஊரில் நான்கு வாலிபர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. மரியோ பாவா எடுத்து 1963-ல் வந்த இத்தாலியப் பேய்ப் படத்தின் ஆங்கிலப் பெயர் அது. ஜனங்கள் காசு கொடுத்துப் பயப்பட வருகிறார்களே, பயத்தைப் பாட்டாக்கினால் என்ன என்று தோன்றியதாம். படத்தின் பெயரையே சூட்டிக்கொண்டு, 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள்.

நாம் மட்டும் என்ன? 1966-ல் வந்த 'யார் நீ?' படத்தில் பி. சுசீலா பாடியதைக் கேட்டு நடுங்கிவிட்டு, மறுநாள் அடுப்படியில் அதையே முணுமுணுத்தவர்கள்தானே!

இன்னொரு வேடிக்கை. அந்த முதல் பாட்டின் கிதார் ஸட்ஜத்திலிருந்து போய் நிற்கும் இடம் நம் பிரதி மத்திமம். மேல்நாட்டில் ஒரு காலத்தில் இந்த இடைவெளியைச் சங்கீதத்துக்குள் புகுந்த சாத்தான் என்றார்கள். நாமோ அந்த ஸ்வரத்தை வைத்துக் கல்யாணி பாடிக் கல்யாணமே நடத்துகிறோம்!

"எல்லாம் சரி, அதில் அப்படி என்னடா இருக்கிறது?" என்றாள் தங்கை.

பையன் சொன்னான். கிதார் வாசித்த டோனி அயோமி, பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வந்தவர், "இனிப் போகவில்லை" என்றார். "ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா" என்று அம்மா திருப்பி அனுப்பினாள். அன்று இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடது கைப் பழக்கக்காரர்; தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான்.

அவர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, நாம் தைக்கும்போது மாட்டுகிற அங்குஸ்தான் போல விரலுக்கு உறை செய்து, தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைக் கட்டினார். 1971-ல் சுருதியையும் இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். உலகமே 'ஹெவி மெட்டல்' என்று சொல்லும் அந்தக் கனத்த ஒலிக்கு அந்த வலியும் ஒரு காரணம். 2025 ஜூலை 5-ல் சொந்த ஊரிலேயே கடைசிக் கச்சேரி செய்தார்கள்.

தங்கை வெகு நேரம் பேசவில்லை. "போய் வா என்று அனுப்பிய அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும், அக்கா?" என்றாள் மெதுவாக. தினமும் பிள்ளையை ஷிப்டுக்கு அனுப்புகிறவள் அல்லவா!

சூலை நோயில் துடித்த அப்பர் தம் முதல் பதிகத்தைப் பாடியதும் அந்தத் திருவதிகையில்தான். வலி பாட்டாவது அந்த ஊருக்குப் புதிதல்லவே.

தாயத்துப் பேச்சு அதோடு நின்றது. "சத்தத்தை மட்டும் குறைத்து வைத்துக்கொள்ளடா, காது போய்விடும்" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போனாள் தங்கை.