காலம் உறைந்த ஊராம்!

"காலம் உறைந்து நின்றுவிட்ட ஊர்."

போன மாதம் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் பதினோரு புகைப்படங்களைக் கொட்டிவிட்டு, கடைசியில் நண்பன் ஒருவன் எழுதியிருந்த வரி இது. பதினொன்றில் ஏழு ஒரே இடத்தில் எடுத்தவை. ஒடுக்கமான ஒரு பழைய மரச்சட்ட வீடு, அதன் இரண்டு பக்கமும் பிரிந்து போகும் கல் பாவிய தெரு, தெருவுக்கு ஒன்றாக இரண்டு கோபுரங்கள். ப்ளோன்லைன் என்று பெயர். ஜெர்மனிக்குப் படிக்க வந்த நம்மாட்களில் பாதிப் பேர் போனில் இந்தப் படம் இருக்கும். ஊர் ரோத்தன்பர்க் ஓப் டேர் டௌபர். டௌபர் ஆற்றுக்கு மேலே இருக்கிற ரோத்தன்பர்க் என்று அர்த்தம்.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நானும் போனேன். நானும் அதே இடத்தில், அதே கோணத்தில், முன்னால் நின்ற ஒரு ஜப்பானியத் தாத்தா நகரும் வரை காத்திருந்து படம் எடுத்தேன். ஆகவே புனிதன் வேஷம் போடப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு வரி இருக்கிறதே, அதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நியூரம்பெர்க்கிலிருந்து பயர்ன் டிக்கெட்டில் போகிறவர்கள் அன்ஸ்பாக், ஷ்டைனாக் என்று இரண்டு இடத்தில் ரயில் மாறி வந்து சேர்வார்கள். ரயில் நிலையம் மதிலுக்கு வெளியே, கிழக்குப் பக்கம். பத்து நிமிடம் நடந்தால் ரோடர் வாசல். அதைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் "ஆகா, இடைக்காலம்!" என்று எல்லோர் வாயும் பிளக்கும். என் வாயும்தான். விஷயம் என்னவென்றால், அப்படி வாய் பிளந்து பார்க்கிற அந்தக் கிழக்குப் பகுதியில் பெரும்பாலான வீடுகளுக்கு நம் தாத்தா வயதுதான். 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் அந்தப் பக்கம் எரிந்து போனது. 39 பேர் செத்தார்கள். 300க்கும் மேற்பட்ட வீடுகள், ஒன்பது காவல் கோபுரங்கள், 600 மீட்டருக்கு மேல் மதில், எல்லாம் தரைமட்டம். போருக்குப் பிறகு பழைய தெருக்களின் போக்கிலேயே, பழைய கூரைச் சரிவிலேயே, ஆனால் அலங்காரம் குறைத்து எளிமையாகத் திரும்பக் கட்டினார்கள். கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். கூர்ந்து பார்க்க யாருக்கு நேரம்? ப்ளோன்லைன் கூப்பிடுகிறது.

மதில் மேல் ஏறி நடந்தால் கிழக்குச் சுவர் நெடுக சின்னச் சின்னக் கல்வெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு நாடு அல்லது ஊர், பக்கத்தில் "1 மீ" என்று ஒரு கணக்கு. திரும்பக் கட்டக் காசு இல்லாததால் உலகம் முழுக்க நன்கொடை கேட்டார்கள். ஒரு மீட்டர் மதிலுக்குப் பணம் கொடுத்தால் உங்கள் பெயர் சுவரில். அமெரிக்கப் பெயர்கள், ஜெர்மன் பெயர்கள், ஏகப்பட்ட ஜப்பானியப் பெயர்கள். அங்கே அரைமணி நேரம் நின்று பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஊரிலேயே பிடித்த இடம் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு கோஷ்டி குறுக்கே வரும். "பார்த்தியா, எல்லாம் டூப்பு. டிஸ்னிலேண்ட். இதுக்குப் போய் டிக்கெட் எடுத்தியா?" என்று. என் அறைத்தோழர் ஒருவர் அந்தக் கோஷ்டி. அவருக்கும் என் பதில் இதே கோபம்தான். எரிந்த ஊரை அந்த ஊர்க்காரன் திரும்பக் கட்டினால் அது எப்படி டூப்பு ஆகும்? 1950 மட்டும் வரலாறு இல்லையா? "உறைந்த ஊர்" என்கிறவரும் "டூப்பு ஊர்" என்கிறவரும் உண்மையில் ஒரே ஆள். 1500க்கு முன்னால் நடந்தது மட்டும்தான் நிஜம், அதற்குப் பிறகு நடந்த எதுவும் கணக்கில் வராது என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள்.

சரி, காலம் உறைந்ததாகச் சொல்கிறார்களே, யார் உறைய வைத்தது? முப்பதாண்டுப் போரில் 1631ல் டில்லி என்ற தளபதி ஊரைப் பிடித்தான். 1634ல் கொள்ளை நோய். அதற்குப் பிறகு ஊருக்குத் தரித்திரம் பிடித்தது. புதிதாகக் கட்டக் காசு இல்லை, அதனால் பழசு தங்கியது. அழகு பார்த்துப் பாதுகாத்தார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இடித்துக் கட்ட வக்கில்லை, அவ்வளவுதான். 1800களின் தொடக்கத்தில் சுதந்திர நகரம் என்ற அந்தஸ்தும் போய் பவேரியாவோடு சேர்ந்தது. ரயில் 1873ல் வந்தது. ஓவியர்கள் வந்தார்கள், பின்னாலேயே சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 1881ல் ஒரு நாடகம் போட்டார்கள். டில்லி ஊரை அழிக்க இருந்தபோது, மேயராக இருந்தவர் மூன்றேகால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சில் குடித்துக் காட்டி ஊரைக் காப்பாற்றினார் என்று கதை. அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லாத கதை. இன்றைக்கும் சந்தைச் சதுக்கத்தில் மணி அடிக்கும்போது ஒரு கடிகாரத்தின் ஜன்னல் திறந்து, பொம்மை மேயர் பொம்மைக் கோப்பையைத் தூக்குகிறார். கீழே நூறு போன் மேலே உயர்கிறது. நான் பார்த்ததிலேயே ஆகப் பெரிய மொக்கைக் காட்சி, ஆனாலும் கை தட்டினேன் :-)

இதுவரைக்கும் பிரச்சினை இல்லை. ஊர் பிழைக்கக் கதை சொல்லியிருக்கிறது, எந்த ஊர் சொல்லவில்லை? என் கோபம் அடுத்த அத்தியாயத்தில்தான் ஆரம்பிக்கிறது.

"காலம் தீண்டாத, கலப்படமில்லாத, அசல் ஜெர்மன் ஊர்" என்ற வரியை 1930களில் யார் அதிகம் சொன்னார்கள் தெரியுமா? நாஜிகள். அவர்களுடைய "மகிழ்ச்சி மூலம் வலிமை" என்ற தொழிலாளர் சுற்றுலா அமைப்பு, ரயில் ரயிலாக ஆட்களை ரோத்தன்பர்க்குக் கூட்டிவந்து காட்டியது. இதோ பாருங்கள், ஜெர்மனி என்றால் இதுதான் என்று. ஊரை "அசலாக" வைத்திருக்கப் பெரிய முயற்சி நடந்தது. நகர வாயில்களில் யூதர்களை இழிவுபடுத்தும் பலகைகள் மாட்டினார்கள். உள்ளே வரும் சுற்றுலாப் பயணி முதலில் பார்ப்பது அதைத்தான். 1938 அக்டோபர் 22 அன்று ஊரில் மிச்சமிருந்த யூதர்கள் 17 பேரையும் விரட்டினார்கள். ஜெர்மனி முழுக்க யூத ஆலயங்கள் எரிக்கப்பட்ட அந்த நவம்பர் இரவுக்கு இரண்டரை வாரம் முன்னாலேயே. மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருக்கக்கூட இந்த அழகான ஊருக்குப் பொறுமை இல்லை.

பதினேழு பேர்தானே என்கிறீர்களா? அவர்கள் "அசல்" ரோத்தன்பர்க்கில் ஒட்டாத வெளியாட்கள் என்றுதானே அன்றைக்குச் சொன்னார்கள்? இடைக்காலத்தையே பார்க்கத்தானே வந்தீர்கள், வாருங்கள், அதையே பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் பெயரை ஐரோப்பா முழுக்கத் தெரியவைத்தவர், குடிகார மேயர் அல்ல, ரபி மெய்ர் பென் பாருக். யூதச் சட்டத்தில் அந்தக் காலத்தின் பெரிய அறிஞர்களில் ஒருவர். எங்கெங்கிருந்தோ சந்தேகம் கேட்டு அவருக்குக் கடிதங்கள் வரும். பல பத்தாண்டுகள் இங்கேதான் வாழ்ந்து பாடம் நடத்தினார். மாணவர்கள் அவர் வீட்டிலேயே அறைகளில் தங்கிப் படித்தார்கள். (அறை வாடகைக்கு நாம் அழுவதை நினைத்துக்கொண்டேன்.)

1286ல் நாட்டை விட்டுப் போக முயன்றபோது பிடித்துச் சிறையில் போட்டார்கள். மீட்புப் பணம் கொடுக்க அவருடைய மக்கள் தயாராக இருந்தார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொல்லப்படுகிறது. ஒரு தடவை கொடுத்தால் அடுத்து ஒவ்வொரு ரபியையும் பிடித்துப் பணம் பறிப்பார்கள் என்ற கவலை. 1293ல் சிறையிலேயே செத்துப் போனார். உடலையும் கொடுக்கவில்லை. பதினான்கு வருடம் கழித்து, 1307ல், ஒரு பணக்கார யூதர் பெரும் தொகை கொடுத்து உடலை மீட்டார். அவர் கேட்ட ஒரே கைம்மாறு, தான் செத்தால் ரபிக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது. வோர்ம்ஸ் நகரில் இரண்டு கல்லறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன.

அவர் செத்த ஐந்தாவது வருடம், 1298ல், ரிண்ட்ஃபிளைஷ் என்பவன் கிளப்பிவிட்ட கும்பல் ரோத்தன்பர்க் யூதர்களைக் கொன்றது. 450 பேர் அளவில். பிறகு மறுபடியும் யூதர்கள் வந்து குடியேறினார்கள். 1520ல், டொய்ஷ்லைன் என்ற பாதிரியாரின் பிரசங்கங்களுக்குப் பிறகு, எல்லோரையும் வெளியேற்றினார்கள். அவர்களுடைய ஆலயத்தை மாதா கோயிலாக மாற்றினார்கள். அடுத்த 350 வருடம் ஊரில் யூதர்களே கிடையாது. யூதன்காஸ்ஸே, அதாவது யூதர் தெரு, இன்னும் இருக்கிறது. இடைக்கால வீடுகளோடு அப்படியே தப்பிய யூதர் தெருக்கள் ஐரோப்பாவில் மிகக் குறைவு, அதில் இது ஒன்று. நான் போன சனிக்கிழமை மத்தியானம் ப்ளோன்லைனில் நிற்க இடம் இல்லை. யூதர் தெருவில் நானும், வாசலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டியும். அவ்வளவுதான்.

அங்கிருந்து ஷ்ரானன்பிளாட்ஸ் கூப்பிடு தூரம். யூதர்களின் பழைய இடுகாடு இருந்த இடம். நான் போனபோது அங்கே கார்கள் நின்றுகொண்டிருந்தன. பார்க்கிங். கல்லறைக் கற்களில் கிடைத்தவை பழைய டொமினிக்கன் கன்னிமடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போய்ப் பாருங்கள், கூட்டமே இருக்காது.

ஊர் மறைத்து வைத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நியாயமாகப் பேச வேண்டும். வெள்ளைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ரபி மெய்ர் பெயரில் சின்னத் தோட்டம் இருக்கிறது, நினைவுக் கற்கள் இருக்கின்றன, அருங்காட்சியகம் இருக்கிறது. பார்க்காமல் போவது நாம்தான். நாம் எதைப் பார்க்கக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் ஊர் துடைத்துத் துடைத்து வைக்கும். வருடம் முழுக்கக் கிறிஸ்துமஸ் சாமான் விற்கும் கடை அங்கே எதற்காக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?

கடைசியாக ஒரு கதை. அதைக் கேட்டு உருகாத பயணி கிடையாது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஊரை நெருங்கியது. அமெரிக்கப் போர்த்துறையின் உதவிச் செயலர் ஜான் மெக்கிளாய், பீரங்கியால் அடிக்க வேண்டாம் என்று சொல்லி ஊரைக் காப்பாற்றினார். அவர் அம்மா ஒரு காலத்தில் இங்கே வந்து போனவர், வீட்டுச் சுவரில் இந்த ஊரின் படம் தொங்கியது, அதுதான் காரணம் என்பார்கள். பேச்சுவார்த்தை நடந்து ஏப்ரல் 17 அன்று ஊர் சரணடைந்தது. பின்னால் நகரமே அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. ஒரு படம் ஒரு ஊரைக் காப்பாற்றியது. என்ன அழகு!

இதே மெக்கிளாய்தான் 1944ல் ஆஷ்விட்ஸ் பற்றி வந்த கோரிக்கைகளுக்கும் பதில் எழுதியவர். அங்கே போகும் ரயில் பாதைகளையும் விஷவாயுக் கூடங்களையும் குண்டு போட்டு அழியுங்கள் என்று யூத அமைப்புகள் கெஞ்சின. முடியாது என்று கடிதம் போனது. மற்ற போர்முனைகளில் தேவைப்படும் விமானங்களைத் திருப்ப முடியாது, பலன் கிடைக்குமா என்பதும் சந்தேகம் என்று ராணுவக் காரணங்கள் சொன்னார்கள். அந்தக் காரணங்கள் சரியா தவறா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ரோத்தன்பர்க் படம் அவர் வீட்டுச் சுவரில் இருந்தது. ரோத்தன்பர்க்கிலிருந்து விரட்டப்பட்ட பதினேழு பேரின் படம் யார் வீட்டுச் சுவரிலும் இல்லை.

அடுத்த தடவை போகிறவர்கள் ப்ளோன்லைனில் படம் எடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குக் கீழே அந்த வரியை எழுதும் முன்னால் கிழக்கு மதிலில் ஏறிப் பத்துப் பெயராவது படியுங்கள். ஷ்ரானன்பிளாட்ஸில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நண்பனுக்கு இதையெல்லாம் வாட்ஸப்பில் எழுதினேன். "மச்சான், ஒரு போட்டோவுக்கு இவ்ளோ பெரிய கட்டுரையா?" என்று கேட்டான். ஆமாம்டா, அந்தக் கட்டுரைதான் இது.

பி.கு.: ஷ்னேபால் என்று அங்கே விற்பார்கள். மைதா நாடாக்களை உருண்டையாகச் சுற்றி எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரைத் தூள் கொட்டியது. பார்க்க ஜோர். நாலு பேருக்கு ஒன்று போதும், ஒருவர் தனியாக முடிக்க முயன்றால் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளவும்.