புட்டியும் கைப்பேசியும்

ஐரோப்பியத் திராட்சை இரசக் கடையொன்றில் நுழைபவர் திகைப்பது இயல்பு. சுவர் முழுவதும் புட்டிகள், எதை எடுப்பது? இத்திகைப்பிலிருந்தே 2010-ஆம் ஆண்டு டென்மார்க்கில் ‘விவினோ’ என்னும் செயலி பிறந்தது. நண்பரோடு அதைத் தொடங்கிய ஹைனி சக்காரியாசென், இரசத்தைப்பற்றி அதிகம் அறியாதவர் என்பது வேடிக்கை! லேபிளைக் கைப்பேசியால் படம் பிடித்தால் போதும்; முன்னர் அருந்தியோர் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் அளித்தனர் என்பது உடனே தோன்றும்.

வசதிதான், நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரசம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் பொருள் அன்றோ? மழை மிகுந்த ஆண்டின் புட்டிக்கும் வெயில் காய்ந்த ஆண்டின் புட்டிக்கும் லேபிளில் ஓர் எண்ணே வேறுபாடு. அதைச் சரிபார்க்காதவர் வேறோர் ஆண்டின் மதிப்பெண்ணை நம்பி ஏமாறுவர். தம் நாவுக்கு இனித்ததையும், பிறர் 3.2 என்றதும் கீழே வைத்துவிடுவோரை என்னென்பது?

நம் மனத்துக்கு உகந்தது ‘செல்லார்டிராக்கர்’. அமெரிக்கரான எரிக் லெவைன் 2003-இல் தம் சொந்தச் சேமிப்பைக் கணக்கெடுக்கவே இதை உருவாக்கினார். எத்தனை புட்டி உள்ளது, எதை எந்த ஆண்டுக்குள் திறக்க வேண்டும், திறந்தபோது எவ்வாறு இருந்தது, யாவும் இதில் பதியலாம். (திருப்பலி இரசத்திற்கு இத்தொல்லை இல்லை, கலப்படமற்றதாய், கெடாததாய் இருத்தல் போதும்.) உண்மையாய்ப் பதிந்து வருபவருக்கு இன்னொன்றையும் இது காட்டும்: ஒரு மாதத்தில் எத்தனை புட்டி தீர்ந்தது என்பதை. அந்தப் பக்கத்தைத் திறக்கத்தான் கை தயங்கும்.