சுமத்துபவரின் பங்கு

களுதாவளையில் சுமையேற்றிய லொறி செங்கலடி, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளை சென்று திரும்பும் மலைப்பாதையை அறிவீர்கள். 2021 மார்ச் 20 அன்று பசறை அருகே பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதும் இப்பாதையிலேயே.

சரிவில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடியிழக்கும்; இறங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறுதல் வேண்டும். அதற்குப் பொறுமை தேவை. ஆனால், அளவுமீறிச் சுமையேற்றி, "விடியுமுன் சந்தைக்குப் போய்ச் சேர்" என விரட்டுபவர் யார்? சாரதியை மட்டும் பழிப்பது நீதியன்று.

வேக மோகத்தால் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் பெருங்குற்றத்துக்கு உள்ளாகின்றனர் எனத் திருச்சபையின் மறைக்கல்வி, ஐந்தாம் கட்டளையை விளக்குகையில் போதிக்கின்றது. அவ்வேகத்தை விலைகொடுத்து வாங்குபவருக்கும் அக்குற்றத்தில் பங்குண்டு.

சுமை சுமந்து சோர்ந்தோரைத் தம்மிடம் அழைத்தவர் நம் ஆண்டவர். வாகனத்தில் செபமாலை தொங்கவிடும் நாம், சாரதிக்கு உறக்கத்தையும் நேரத்தையும் கொடுப்போம். அதுவும் செபமே.